பெட்டிக்குள் அடித்த போன்

என் நாத்தனார் ரெகீனா ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் ஊரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் கையில் எடுத்தது பழைய செல்போன். ஃப்ளோரெஸ் பேட்டையில் எங்கள் யூத ஜனங்களின் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கி, மேசை இழுப்பறையிலும் அலமாரி மேலும் செத்துக் கிடந்த போன்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து, ஜெப ஆலயத்து முன்கூடத்தில் வைத்திருந்த மரப்பெட்டிக்குள் போட்டாள். பெட்டிக்கு மேலே ஒரு துவாரம், முன்னால் பூட்டு. நிறைந்ததும் ஓன்சே கடைத்தெருவில் போன் பழுது பார்க்கிற கடைக்காரன் மொத்தமாக எடுத்துக்கொள்வான். அந்தப் பணம் எங்கள் சமூக மருந்தகத்துக்குப் போகும். காசு கொடுத்து மருந்து வாங்க வழியில்லாத யூதக் குடும்பங்களுக்கு அங்கே மருந்து இலவசம்.

அந்தக் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கமெல்லாம் என் புருஷன் நிசீமுக்குத்தான். திரைச்சீலைத் துணிக்கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு கடையும் போயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மிச்ச நாளெல்லாம் அதன் அசதி. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

காத்திருப்பது என்றால் என்ன என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கேயோ யாரோ இறக்க வேண்டும், அவர்கள் வீட்டார் மனமிரங்க வேண்டும், இவனுக்குப் பொருந்த வேண்டும், அப்புறம் போன் வரும். வந்தால் உடனே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன் பக்கத்தில் இல்லாமல் நான் குளித்தது கூடக் கிடையாது.

ஓய்வு நாளுக்கு என்ன செய்வது என்று எங்கள் ஜெப ஆலயத்துக் குரு ரபி அபதியிடம் கேட்டோம். வெள்ளி மாலை விளக்கேற்றியதிலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை நாங்கள் போனைத் தொடுவதில்லை. இழுப்பறையில் அணைத்துப் போட்டுவிடுவோம். ரபி யோசிக்கவே இல்லை. "உயிரைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி ஓய்வு நாளாவது ஒண்ணாவது. தனியா ஒரு போன் வெச்சுக்குங்க. அந்த நம்பரை ஆஸ்பத்திரியைத் தவிர யாருக்கும் கொடுக்காதீங்க. அது அடிச்சா கிட்னிதான்னு தெரிஞ்சுபோகும், யோசிக்காம எடுத்துடலாம். அடிக்காத வரைக்கும் தொடாதீங்க" என்றார்.

கடை இருந்த காலத்தில் வாங்கிய சாம்பல் நிற போன்கள் இரண்டு வீட்டில் கிடந்தன. ஒன்றுக்கு சிம் போட்டு ஆஸ்பத்திரி போன் ஆக்கினோம். அதற்கு நான் ஒரு துணிப்பை தைத்தேன். வெள்ளிக்கிழமை அதை நன்றாகச் சார்ஜ் ஏற்றிப் பையில் போட்டால், நிசீம் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜெப ஆலயத்துக்கு வருவான். ஒரு தடவை கூட அது அடித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் டயாலிசிஸ் முடித்து, பிழிந்த துணியாக வந்து நாற்காலியில் விழுந்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் கிப்பே என்கிற கறி உருண்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ரெகீனா பையும் கையுமாக வந்து நின்றாள்.

"சுலேமா, உங்க வீட்டு போன் எங்கடி? ஊரே கொடுத்துடுச்சு. என் தம்பி வீட்டுலேர்ந்து ஒண்ணும் வரலைன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக் கதவத் தட்டறது?"

"உன் மூஞ்சிக்கு என்னக்கா, நல்லாத்தானே இருக்கு. கை எண்ணெயா இருக்கு, ஞாயித்துக்கிழமை வா."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு?" என்று நிசீம் எழுந்தான். "விளக்கேத்தறதுக்கு முன்னாடி தர்மம் போட வேண்டாமா? இன்னிக்கி அந்த போனைப் போடறேன்."

விளக்கேற்றும் முன் ஒரு காசாவது தர்மத்துக்கு விழ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது சரிதான். ஆனால் அவனுக்கு நிற்கவே தெம்பில்லை.

"நீ உக்காரு, நான் வந்து எடுக்கறேன்."

"ஏன், எனக்குக் கை இல்லையா? மாசாமாசம் அந்த மருந்தகத்து மாத்திரைய முழுங்கறவன் நான். ஒரு போனை என் கையால கொடுக்கக் கூடாதா?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த வீட்டில் அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்த ரோஷம் ஒன்றுதான். இரண்டு போனும் குளிர்சாதனப் பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை ரெகீனா பையில் போட்டான், ஒன்றைத் துணிப்பையில் போட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது, சூரியன் விழுந்துகொண்டிருந்தது, ரெகீனா வேறு, "போற வழியில பெட்டியில போட்டுட்டு ஓடணும், உன் புருஷன் போன் தர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும்" என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அவள் போனதும் நான் விளக்கேற்றினேன்.

மறுநாள் காலை நல்ல குளிர். ஜெப ஆலயம் நிறைந்திருந்தது. பெண்கள் நாங்கள் மாடியில், ஆண்கள் கீழே. மாடிக் கைப்பிடி ஓரத்தில் உட்கார்ந்தால் கீழே நிசீமின் தலை தெரியும். அங்கேதான் எப்போதும் உட்காருவேன். ரபி எங்கள் வேதமான தோராச் சுருளை விரித்து வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் முன்கூடத்திலிருந்து போன் அடித்தது.

அவனுடைய போனின் மணி அதே மணிதான். கைப்பிடியில் குனிந்து பார்த்தேன். நிசீமும் சட்டென்று பையைப் பிடித்துப் பார்த்திருந்தான். அண்ணாந்து என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினான். பை சும்மா கிடக்கிறது, சத்தம் வெளியிலிருந்து வருகிறது. அந்தக் காலத்து போன்களுக்கெல்லாம் ஒரே மணி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"எந்தக் கழுதைடி அணைக்காம போட்டது?" என்று பக்கத்தில் ரெகீனா பல்லைக் கடித்தாள். "அணைச்சுட்டுத் தாங்க, அணைச்சுட்டுத் தாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

மாடியில் சிரிப்பு. கீழேயும் சிரிப்பு. "ரெகீனா, உன் பெட்டி உன்னைக் கூப்பிடுது பாரு" என்றாள் ஒருத்தி. மணி நின்றது. ரபி விட்ட இடத்திலிருந்து வாசித்தார். நான் ஒரு வரி கூடக் கேட்கவில்லை.

மறுபடியும் அடித்தது.

இந்தத் தடவை ரபியின் முகம் சுளித்தது. உள்ளே போன் இருக்கிறதே, ஓய்வு நாளில் பெட்டியைத் தொடக் கூடாது. தூக்கி வெளியே வைக்கவும் கூடாது. கீழே நாலு பேர் எழுந்து போய் அதைச் சுற்றி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு யோசித்தார்கள். ஒருவருக்கு யோசனை உதித்தது. பெட்டியைத்தானே தொடக் கூடாது, கோட்டைத் தொடலாமே. குளிருக்குக் கழற்றி மாட்டியிருந்த கோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டி மேல் போட்டார்கள். மணி அடங்கி, போர்வைக்குள் அழுகிற குழந்தையாகக் கேட்டது.

இன்னொருவர் வாசலுக்குப் போனார். வாசல் காவலாளி எவுசேபியோ எங்கள் மதத்துக்காரன் இல்லை, அவன் தொடலாம். ஆனால் நேராகப் போய்த் தொடு என்று சொல்லக் கூடாது, ஜாடையாகத்தான் சொல்ல வேண்டும். கதவு திறந்திருந்ததால் பேச்சு உள்ளே வரை கேட்டது.

"எவுசேபியோ, உள்ள ரொம்ப சத்தமா இருக்கு இல்ல?"

"ஆமா சார், ரொம்ப சத்தம்."

"யாராவது அந்தப் பெட்டிகிட்டப் போனா சத்தம் நின்னுடும்னு நினைக்கறேன்."

"நிக்கும் சார். போகச் சொல்லுங்க யாரையாவது."

"நீங்க சும்மா ஒரு எட்டு உள்ள வந்தீங்கன்னா..."

"வாசலை விட்டு நகரக் கூடாதுன்னு உங்க சங்கத்துலதான் சார் எழுதி ஒட்டியிருக்காங்க."

மாடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மணி அதுவாக நின்றது. நிசீம் கூடச் சிரித்துக்கொண்டிருந்தான், ஒரு கை மட்டும் அந்தத் துணிப்பை மேலேயே இருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உட்கார முடியவில்லை, எழுந்தால் பின்னாலிருப்பவளுக்கு மறைக்கும். கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன்.

"என்னடி, இருப்புக்கொள்ளாம?" என்றாள் ரெகீனா.

"அக்கா, பெட்டியில போடற போன்ல சிம் இருக்குமா?"

"சிம்மா? அதெல்லாம் முதல்லயே கழட்டிடச் சொல்லிடுவேன். நானே பாத்துத்தான் வாங்குவேன்."

"எல்லாத்தையும் பாத்தியா?"

"எல்லாத்தையும்தான்... நேத்து கடைசியா வாங்கினதைத் தவிர. பொழுது போயிடுச்சே."

நேற்று அவள் கடைசியாக வாங்கியது எங்கள் வீட்டில். கோட்டுகளுக்கு அடியில் அது மூன்றாவது தடவை அடித்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொண்டை மட்டும் ஓடியது. ஜெப ஆலயத்தில் பெண்கள் சத்தம் போட்டுப் பேசும் வழக்கம் இல்லை, அதுவும் தோரா விரித்திருக்கும்போது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நிசீம், பைக்குள்ள இருக்கறதை எடுத்துப் பாரு!"

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. அவன் என்னைப் பார்த்தான், பையைப் பார்த்தான். அடிக்காத போனைத் தொடக் கூடாது என்பது அவன் மனத்தில் அவ்வளவு ஊறியிருந்தது. "அடிக்கலையே, சுலே" என்றான் பாவமாக.

"எடுத்துப் பாரு!"

எடுத்தான். அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். அது கறுப்பாக, செத்துக் கிடந்தது.

ரபி அபதிக்குத்தான் முதலில் புரிந்தது. வாசிப்பு மேடையிலிருந்து அந்த வயதில் அவர் குதித்தார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். "உடைங்க பெட்டியை!" என்று அலறிக்கொண்டே ஓடினார். சாவி ரெகீனா வீட்டில். ஒருவர், "நிச்சயமா தெரியுமா ரபி, ஓய்வு நாளாச்சே" என்று இழுத்தார். "சந்தேகம் இருந்தாலே போதும். நகருய்யா" என்று ரபி தானே பெட்டியைத் தூக்கித் தரையில் போட்டார். அது உடையவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். நான் படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் போய்ச் சேரும்போது பலகை பிளந்து, முன்கூடம் முழுக்கப் பழைய போன்கள் சிதறிக் கிடந்தன. மணி நின்றுவிட்டிருந்தது.

சாம்பல் நிறமாகவே எத்தனை! பெரிய மனிதர்கள் எல்லாம் முழங்காலில் விழுந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, "இதுவா, இதுவா" என்று தேடினார்கள். ஓய்வு நாளில் ஒரு தீக்குச்சியைத் தொடாதவர்கள். வெளிச்சம் காட்டியதை நான்தான் எடுத்தேன். தவறிய அழைப்பு மூன்று. திரும்பக் கூப்பிட்டேன்.

எடுத்த பெண்ணின் குரல் மிகவும் நிதானமாக இருந்தது. "மேடம், மூணு தடவை கூப்பிட்டோம். உங்க இன்னொரு நம்பரும் அணைஞ்சிருந்தது. எங்களால இதுக்கு மேல காத்திருக்க முடியலை. அடுத்தவரைக் கூப்பிட்டாச்சு."

"நாங்க இப்பவே வந்துடறோம். பதினைஞ்சு நிமிஷத்துல வந்துடறோம்."

"அவர் முதல் மணியிலேயே எடுத்துட்டார் மேடம். கிளம்பிட்டார். உங்க கணவர் பேரு வரிசையில அப்படியேதான் இருக்கு, கவலைப்படாதீங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு அது கைக்கு எட்டும் தூரத்திலேயே கிடந்து அடித்துக்கொண்டிருந்தது, நாங்கள் அதன் மேல் கோட்டுப் போட்டோம்.

நிசீம் சுவரில் சாய்ந்து நின்றான். "போயிடுச்சா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். பிறகு, "அவராவது எடுத்தாரே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். அவன் கத்தியிருக்க வேண்டும். ரெகீனாவைத் திட்டியிருக்க வேண்டும், என்னையாவது அறைந்திருக்க வேண்டும். நோயாளியைத் திட்ட எனக்கு நாக்கு வரவில்லை. ரெகீனாவைத் திட்டலாம் என்று திரும்பினால், அவள் உடைந்த பெட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாக முதுகைக் கழற்றி சிம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரைத் திட்டுவது? பாவம் செய்யக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்ற நல்லவர்களையா?

அந்த வாரம் முழுக்க ஊரே எங்கள் வீட்டுக்குச் சமைத்தது. தக்காளிக் குழம்பில் உருண்டை, உருளைக்கிழங்குப் பணியாரம், பாதாம் இனிப்பு, உலர்ந்த பழம் போட்ட சோறு. நிசீமுக்கு டாக்டர் தொடக் கூடாது என்று கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு சமைத்தார்களோ என்று நினைக்கும்படி எல்லாம் அவன் சாப்பிடக் கூடாதவை. அவர்கள் கொடுத்துவிட்டு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார்கள். நிசீம்தான் அவர்களைத் தேற்றி அனுப்பினான். "விடுங்க, யாருக்குத் தெரியும்?" என்பான். நான் உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். ரெகீனா மட்டும் வரவில்லை. வேறு பெட்டி வைத்துவிட்டாள், இந்தத் தடவை பூட்டில்லாமல், என்று கேள்விப்பட்டேன். மருந்தகத்துக்குப் பணம் வேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை துணிப்பை என் கழுத்தில் இருந்தது. போட்டதும் நான், பார்த்ததும் நான். ரெகீனா எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள், நாங்கள் பேசவில்லை. ரபி வாசிக்க ஆரம்பித்தார். மாடியில் கடைசி வரிசையில் எஸ்கெனாசிக் கிழவியோடு ஒரு புது ஆள் வந்திருந்தாள். கிழவியைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கும் பராகுவாய்ப் பெண், நிமியா. ஜெப ஆலயத்தில் அவளுக்கு அது முதல் தடவை. கிழவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது.

எங்களுடைய மணி இல்லை, ஏதோ ஆட்டப் பாட்டு. ஆனாலும் மாடி முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. கீழே பெஞ்சுகள் தரையில் உரசின. குனிந்து பார்த்தால், எல்லா ஆண்களும் எழுந்து அண்ணாந்து நின்றிருந்தார்கள். இரண்டு பேர் படியேற ஓடிவந்தே விட்டார்கள். ரபி வாசிப்பை நிறுத்திவிட்டு, வரியைச் சுட்டும் வெள்ளிக் குச்சி பிடித்த கை அப்படியே நிற்க, மேலே பார்த்தார்.

நிமியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க, அணைச்சுடறேன்" என்று போனை எடுத்தாள்.

"அணைச்சே, தொலைச்சுடுவேன்" என்றாள் ரெகீனா. "எடு!"

"எடும்மா" என்று கீழேயிருந்து ரபி.

அவள் எடுத்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் நின்றோம். "என்னடா... இப்பப் பேச முடியாதுடா... எல்லாரும் பாக்கறாங்கடா" என்றாள். பிறகு குரலை இறக்கி, "கட்டிலுக்கு அடியில பாரு. அங்க இல்லைன்னா அத்தை வீட்டுல விட்டிருப்பே. பச்சைப் பை... பச்சைப் பைக்குள்ள பாரு" என்றாள். அவள் ஊர் அசுன்சியோனில் பையனுக்குக் கால்பந்து ஷூவில் ஒன்றைக் காணவில்லை.

ஒருவர் கூட உட்காரவில்லை. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. விரித்த தோராவுக்கு முன்னால் நூறு பேர் ஒரு பையனின் ஷூவுக்காக நின்றார்கள். போன வாரம் இவர்களில் ஒரே ஒருவர் இப்படி எழுந்திருந்தால் போதும். எனக்கு அடிவயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது, கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. ரெகீனா இரண்டு வரிசையைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை.

கீழேயிருந்து நிசீம்தான் கேட்டான். அவன் குரல் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும்.

"கிடைச்சுதாம்மா?"

நிமியா கைப்பிடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "கிடைச்சுடுச்சு சார்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.